வடிவு வாசலுக்குத் திரும்பிய வண்டிகள்

விருதுநகருக்குத் தெற்கே, நாற்கரச் சாலை கரிசல் காட்டைக் கீறிக்கொண்டு போகும் இடத்துக்குச் சற்று உள்ளே, ஆவரங்குளம் என்னும் ஊரில், வேலாயுதம் மகன் சொர்ணலிங்கம் என்று ஒருவர் இருந்தார். ஆயில் என்ஜின்களின் நோயறிந்து மருந்து செய்வதில் சுற்றுவட்டாரமெங்கும் கீர்த்தி பெற்றவர். எண்ணெயிலேயே புழங்கியும் வெள்ளை வேட்டியைத் தவிர வேறொன்றும் உடுத்தாதவர். பொரித்துச் சலித்த பலகார எண்ணெயிலிருந்து வண்டி ஓட்டும் டீசல் காய்ச்சும் வித்தையை எவர் முன்னும் கைகட்டி நில்லாமல் தாமே கற்றுத் தேர்ந்தவர். இந்த வரலாறு முடிவுக்கு வந்த ஆண்டில் அவருக்கு வயது அறுபத்தெட்டு.

அந்தப் பக்கத்துப் பரோட்டா எண்ணெயில் மிதந்து வேகும் பரோட்டா என்பதை உலகம் அறியும். சாலையோரக் கடைகளில் அகன்ற சட்டிகள் மாலைதோறும் கொதித்து, காலையில் கறுத்த எண்ணெயைக் கசப்போடு விட்டுவைக்கும். சொர்ணலிங்கம் அதைத் தகரங்களில் வாங்கி வந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஈரத்தின் சடசடப்பு அடங்கும்வரை சூடாக்கி, மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டி, ஓர் இராப்பொழுது அசையாமல் விட்டுவைப்பார். விடிந்தபின் அடியில் கருப்பட்டிப் பாகு போலக் கிளிசரின் படிந்திருக்கும். மேலே தெளிந்து நிற்பது தேன் நிறத்தில் டீசல். அதைத் தண்ணீரால் அலசி, மீண்டும் சுட வைத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தம் கைரேகை அதன் வழியே தெரிந்தால்தான் தகரத்தை மூடுவார்.

எண்ணெய் தான் எதற்காகக் கொதித்ததோ அதை மறப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. கல்யாண மண்டபத்து அப்பள எண்ணெயில் காய்ச்சிய டீசல் முதல் உதையிலேயே பிடித்துக்கொள்ளும் என்றும், மீன் பொரித்த எண்ணெய் மேட்டில் வண்டியைத் துள்ள வைக்கும் என்றும் அவர் சொன்னபோது ஊரார் சிரிக்கவில்லை. அவரவர் வண்டிக்கு அவரவர் குணத்துக்கேற்ற தகரத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஆனால் ஒரு வீட்டு எண்ணெயை மட்டும் அவர் தொடுவதில்லை. சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை அல்லவா? பதினாறாம் நாள் காரியத்தன்றுதான் வைப்பார்கள். படையல் வடை சுட்ட அந்த எண்ணெயை ஏதாவதொரு செடியின் தூரில் ஊற்றிவிடுவார்கள். அதன் பிறகும் ஓராண்டு நிறையும்வரை அந்த வீட்டில் தீபாவளிக்குச் சட்டி ஏறாது. பலகாரம் உறவினர் வீடுகளிலிருந்து வெள்ளைத் துணி மூடிய தட்டில் வரும். துக்கத்தில் சுட்ட எண்ணெய் வண்டியை ஓட்டாது, வழியில் உட்கார வைத்துவிடும் என்று சொல்லி, அப்படிப்பட்ட வீடுகளைச் சொர்ணலிங்கம் சுற்றிக்கொண்டு போவார்.

அவருக்கு ஒரே மகன், செந்தூர்பாண்டி. லாரி ஓட்டினான். ஓர் ஆடி மாதம் தீப்பெட்டி பண்டல்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போனவன், நாகபுரிக்கு முன்னால் எங்கோ ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து மனைவியை அழைத்து, "சாப்டாச்சு, இனி ஒரே மிதிதான்" என்றான். அதோடு சரி. லாரியும் கிடைக்கவில்லை, லாரியில் இருந்த பண்டல் ஒன்றும் கிடைக்கவில்லை, செருப்பும் கிடைக்கவில்லை. அவன் மனைவி சந்திரவடிவு, தன் மாமனாரோடு அந்த வீட்டில் காத்திருந்தாள். மாமியார் முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் இவர்கள் இருவர்தான். நாள்தோறும் சோறு மூன்று பேருக்கு வடிக்கப்பட்டது.

அந்த ஆண்டு தீபாவளிக்கு முதல்நாள், சொர்ணலிங்கத்தின் தங்கை தவசியம்மாள், அடுத்த தெருவிலிருந்து ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் அதிரசமும் முறுக்கும் சீயமும் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் மனத்தில் வஞ்சனை இல்லை. அண்ணன் வீட்டில் பெரிய பெண்பிள்ளை இல்லை, பாவம் இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்ற இரக்கம்தான் இருந்தது. இரக்கம் தன் வழக்கமான பாதையிலேயே நடந்து, தட்டைத் துணியால் மூடிவிட்டது. வடிவு தட்டைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், பிறகு தெருவைப் பார்த்தாள்.

"என்ன சித்தி இது?"

"பலகாரம்த்தா. நீ எங்க தனியாக் கெடந்து சுடப்போறேன்னு..."

"எனக்குச் சட்டி வைக்கத் தெரியாதுன்னா, இல்ல வைக்கக் கூடாதுன்னா?"

தவசியம்மாளின் முகம் அப்போதுதான் விளங்கிக்கொண்டது. "ஐயையோ, நான் அப்பிடி நெனச்சுக் கொண்டாரல மகளே..."

"நெனைக்காமலா துணி போட்டு மூடியிருக்கு? கொண்டு போங்க சித்தி. அவுக வந்து கேட்டா நான் என்ன சொல்ல, உங்க அத்தை உங்களுக்குக் காரியம் பண்ணிட்டாகன்னு சொல்லவா?"

தட்டு வந்த வழியே திரும்பியது. அன்று மாலை வடிவு கேஸ் அடுப்பைத் தூக்கி வந்து, தெருவைப் பார்த்த ஜன்னலை ஒட்டி வைத்து, பெரிய இரும்புச் சட்டியை ஏற்றி, நல்ல எண்ணெயாக ஊற்றி, உளுந்து வடை சுட்டாள். மணம் தெருவின் இரு முனையையும் தொட்டது. இது துக்க வீடன்று என்று வாயால் சொன்னால் மறுத்துப் பேசலாம். வடை வாசனையை மறுத்துப் பேசுவது எப்படி? மறுநாளும் சுட்டாள். தீபாவளி போயிற்று, கார்த்திகை போயிற்று, தை போயிற்று. நாள் தவறாமல் அந்தச் சட்டி ஏறியது. சுட்டதைத் தெருப் பிள்ளைகளுக்கும், வழிப்போக்கர்களுக்கும், நாய்களுக்கும்கூட வாரிக் கொடுத்தாள். வீட்டுப் பின்கட்டில் கறுத்த எண்ணெய் தகரம் தகரமாகச் சேர்ந்தது.

அந்தத் தகரங்கள் சொர்ணலிங்கத்தைப் பார்த்தன. எடுத்தால், தம் மகன் உயிரோடிருக்கிறான் என்று ஊருக்கு முன் கையெழுத்திட்டதாகும். எடுக்காவிட்டால், தம் கையாலேயே அவனைப் புதைத்ததாகும். ஒருநாள் காலை அவர் குளித்து, திருநீறிட்டு, முதல் தகரத்தைத் தூக்கித் தலையில் வைத்தார். வேட்டியில் கறை படுமே என்று பார்க்கவில்லை. நேர்வழியில் போகாமல், கோயில் தெரு, கடைத்தெரு, தவசியம்மாள் வீட்டு வாசல் என்று சுற்றி, எல்லோரும் பார்க்க, மருமகளின் எண்ணெயைத் தம் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். காய்ச்சினார். தேனைவிடத் தெளிந்து வந்தது.

அந்த டீசலை முதலில் வாங்கியவன் பக்கத்து வீட்டு மரியசெல்வம். கோயில் குளங்களுக்கு ஆளேற்றிப் போகும் வேன் ஒன்று வைத்திருந்தான். கோவில்பட்டிக்காரர் ஒரு குடும்பத்தைத் திருச்செந்தூர் அழைத்துப் போய்த் திரும்பும்போது, அவர்களைக் கோவில்பட்டியில் இறக்கவேண்டும் என்று நேராகத்தான் ஓட்டினான். வளைவு ஒன்றிலும் திரும்பவில்லை. நேராக ஓடிய சாலையின் முடிவில், பொழுது சாயும் நேரத்தில், சொர்ணலிங்கத்தின் வீட்டு வாசல் இருந்தது. வேன் அங்கே நின்று, அணைத்தும் அணையாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு கிடந்தது. மரியசெல்வம் கீழே இறங்கி, முன்சக்கரத்தின் டயரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

உள்ளே வடை திருப்பிக்கொண்டிருந்த வடிவு அந்தச் சத்தத்துக்குக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள். பிறகு மரியசெல்வத்தைப் பார்த்தாள். வண்டியை விட்டு இறங்கியதும் டயரைத் தட்டுவது செந்தூர்பாண்டியின் பழக்கம். மரியசெல்வத்துக்கு அப்படியொரு பழக்கம் பிறந்ததிலிருந்து இருந்ததில்லை.

"மன்னிச்சுக்கோங்க மதினி," என்றான் அவன், எதற்கென்று தெரியாமலே. "நான்தான் வந்திருக்கேன்."

"வந்தவுகளை நிக்க வச்சா பேசுறது? உக்காருங்க. எல்லாரும் வடை தின்னுட்டுப் போங்க," என்றாள் வடிவு. கோவில்பட்டிக்காரர்கள் தின்றார்கள். தின்றபின் வண்டி நல்ல பிள்ளையாகக் கோவில்பட்டிக்குப் போயிற்று.

இப்படித்தான் தொடங்கியது. அந்த எண்ணெயில் காய்ச்சிய டீசல் ஒரு கரண்டி தொட்ட டேங்குகூட அதை மறக்கவில்லை. கல்கத்தாவில் சரக்கு இறக்கிய லாரிகள் இறக்கியதும் முதலில் வடிவு வாசலுக்கு வந்து நின்றன. கடன் வாங்கி ஒரு தகரம் ஊற்றிக்கொண்ட வெளியூர்ப் பேருந்து ஒன்று, பழனிக்குப் போகும் பக்தர்களைத் தூக்கத்தோடு கொண்டுவந்து இறக்கியது. ஊரார் அவர்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, மலையைக் காணோமே என்று தேடியவர்களுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். கோயம்புத்தூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்திருந்த ஒருவன், புதுச் சட்டையும் குளிர்கண்ணாடியுமாகக் காரோடு வந்து நின்றான். அவன் மனைவி விளக்குமாற்றோடு வடிவு வாசலில் தயாராக நின்றாள்.

"என்ன ராசா, வழி மறந்துருச்சா?" என்றாள். "டேங்குல ஒரு சொட்டு விட்டது நான்தான். மூணு நாள் முந்தி கோயில் கொடைக்கு வந்தியே, நீ கெடந்து தூங்கையில விட்டேன்."

ஊர் இதை வியக்கவில்லை; பயன்படுத்திக்கொண்டது. டிரைவர் மனைவிமார் சொம்பும் டம்ளருமாகச் சொர்ணலிங்கத்தின் கொட்டகை முன் நின்று, "ஒரு கரண்டி ஊத்துங்க அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு போற ரோடு சரியில்ல" என்று கேட்டு வாங்கி, புருஷனுக்குத் தெரிந்தும் தெரியாமலும் டேங்கில் விட்டார்கள். ஆவரங்குளத்து வண்டி வழி தவறாது என்று பெயர் வந்தது. பெண் கொடுக்க வருபவர்கள் மாப்பிள்ளை என்ன வண்டி ஓட்டுகிறார் என்று கேட்பதை விட்டு, என்ன ஊற்றி ஓட்டுகிறார் என்று கேட்டார்கள். மினிபஸ் நடத்துநர் கடைசி நிறுத்தத்தை "வடிவு வாசல்" என்று கூவினார். பஞ்சாயத்து அங்கே ஒரு வேகத்தடை போட்டது. வேகத்தடை போட்டபின் ஒரு டீக்கடை தானாக முளைத்தது.

ஆனால் ஒன்றைப் பற்றி மட்டும் எவரும் பேசவில்லை. எந்த வண்டி வந்து நின்றாலும், இறங்குகிறவன் கிழவனோ வாலிபனோ, முன்டயரை இரண்டு தட்டுத் தட்டினான். தட்டியபின் தன் கையைத் தானே பார்த்து வெட்கப்பட்டான். வடிவு மாவுக் கையோடு வெளியே வந்து முதலில் இருக்கையைப் பார்ப்பாள். அந்த ஒரு பார்வைக்கு முன்னால் ஓட்டுநர்கள் எல்லோரும், தாம் தாமாக இருப்பதே ஒரு குற்றம் என்பதுபோலத் தலை குனிந்தார்கள். கொட்டகையில் இருந்தபடி அந்தத் தட்டும் சத்தத்தைக் கேட்கும் போதெல்லாம் சொர்ணலிங்கத்தின் நெஞ்சு எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. அவர் எழவில்லை. எழுந்தால் சந்தேகப்பட்டதாகும் என்று உட்கார்ந்தபடியே கிண்டினார். எங்கோ ஒரு மலைச்சாலையில், எண்ணெய் தீர்ந்து நிற்கும் ஒரு லாரியின் டேங்கில், இந்த டீசலில் ஒரு சொட்டு விழுந்துவிட்டால் போதும் என்று எண்ணி, வடக்கே போகிற ஒவ்வொரு ஓட்டுநரிடமும் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார். பாட்டில்கள் போயின. ஓட்டுநர்கள் திரும்பி வந்தார்கள்.

இரண்டாவது தீபாவளியும் மூன்றாவது தீபாவளியும் கடந்தன. வடிவு முன்னைவிடப் பெரிய சட்டி வாங்கினாள். முன்பு மாலையில் ஏறிய சட்டி, இப்போது காலையில் ஏறி விளக்கு வைத்த பிறகே இறங்கியது. பரோட்டாக் கடை எண்ணெயைவிட அவள் எண்ணெய் மிகுந்துபோய், கொட்டகையில் வேறு தகரமே இல்லாமலாயிற்று. அதற்கேற்ப வண்டிகளின் கயிறும் சுருங்கியது. முதலில் கல்கத்தாவரை போக விட்டது, நாகபுரியோடு இழுத்தது, பிறகு சேலத்தோடு, பிறகு மதுரையோடு. மூன்றாவது ஆண்டு மாசி மாதத்தில், ஊர் எல்லையில் உள்ள ஓடைப் பாலத்தை ஆவரங்குளத்து வண்டி எதுவும் தாண்டவில்லை. பாலத்தில் ஏறும், பாலத்திலிருந்து இறங்கும் இடத்தில் வடிவு வாசல் இருக்கும்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. கல்யாணமான பெண் புகுந்த வீட்டுக்குப் புறப்பட்ட கார் ஐந்தாறு முறை வடிவு வாசலுக்கே வந்ததால், மாப்பிள்ளை வீட்டார் பாலத்துக்கு அப்பால் வேறு வண்டி கொண்டுவந்து நிறுத்த, மணமகள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாலத்தை நடந்தே கடந்தாள். வெங்காயம் மூட்டையிலேயே முளைவிட்டது. வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் பாலம்வரை நடந்து போய்ப் பேருந்து பிடித்தார்கள். எல்லோருக்கும் பரிகாரம் தெரியும். அந்தச் சட்டியை இறக்கவேண்டும். இறக்கச் சொல்வது என்பது, ஒருத்தியின் முகத்துக்கு நேரே நின்று உன் தாலிக்கு உடையவன் இல்லை என்று சொல்வது. அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போக ஊரில் ஒரு தலையும் இல்லை. வெங்காயம் அழுகினால் அழுகட்டும் என்று இருந்தார்கள். அது அவர்கள் பெருந்தன்மையா கோழைத்தனமா என்று பிரித்துச் சொல்ல இயலாது; ஒரே தகரத்தில் இரண்டும் கலந்திருந்தன.

பங்குனி பிறந்தது. தவசியம்மாளின் மகள் பூங்கோதை தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். ஒருநாள் முற்பகலில், நாள் இன்னும் இருக்கையிலேயே, வலி கண்டது. வலியோடு இரத்தமும் கண்டது. துணைச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே மதுரைக்குக் கொண்டு போகவேண்டும் என்றார். ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. வந்து சேர நேரமாகும் என்று போனில் சொன்னார்கள். கட்டிலோடு தூக்கிப் பாலத்தைத் தாண்டுவோம் என்று சிலர் முன்வந்தார்கள். "தாண்டி எங்க வச்சுக்கிட்டுக் காத்திருப்பீக, வெயில்ல? இரத்தம் போயிக்கிட்டே இருக்கு," என்றார் நர்ஸம்மா. மரியசெல்வம் வேனை எடுத்தான்.

வேன் பாலத்தில் ஏறியது. வடிவு வாசலில் இறங்கியது. திருப்பி ஓட்டினான். மறுபடியும் வடிவு வாசல். கீழ்ப்பக்கத்து மண்பாதை வழியே, முள்ளும் புழுதியுமாகக் கொண்டுபோனான். அந்தப் பாதையும் அங்கேதான் முடிந்தது. அணைத்தும் அணையாத என்ஜின் செருமிக்கொண்டு நிற்க, மரியசெல்வம் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

"நேராத்தான் ஓட்டுறேன் மதினி. அந்த மாதா மேல ஆணையா நேராத்தான் ஓட்டுறேன்."

வடிவு வெளியே வந்திருந்தாள். அப்போதும், பின்னிருக்கையிலிருந்து ஒரு பெண்ணின் முனகல் கேட்டுக்கொண்டிருந்த அப்போதும், அவள் கண் முதலில் ஓட்டுநர் இருக்கைக்குத்தான் போயிற்று. போனதை அவளே கண்டாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பின்கதவுக்கு வந்தாள். பூங்கோதை நர்ஸம்மாவின் மடியில் தலைவைத்துக் கிடந்தாள், உதடு வெளுத்திருந்தது.

"அக்கா," என்றாள் பூங்கோதை.

தவசியம்மாள் வண்டிக்குள் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்தபடி உட்கார்ந்திருந்தாள். தெரு முழுதும் கூடிவிட்டது. ஜன்னலுக்கு அப்பால் எண்ணெய் கொதிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"சித்தி, வாயைத் தெறந்து கேளுங்க," என்றாள் வடிவு.

தவசியம்மாள் தலையை ஆட்டினாள். வாயிலிருந்து துணியை எடுத்தாள். "கேக்க மாட்டேன். ஒரு வாட்டி தெரியாமத் தட்டுல வச்சுக் கொண்டாந்தேன். அதுக்கே இந்த வாசப்படியை நான் இழந்தேன். என் பிள்ளையே போனாலும் அந்தச் சொல்லு இன்னொரு வாட்டி என் வாயில வராது தாயி."

கூட்டம் விலகியது. சொர்ணலிங்கம் கொட்டகையிலிருந்து வந்திருந்தார். கையில் ஸ்பானர் இருந்தது. அவர் எவரையும் பாராமல் வேனின் அடியில் குனிந்தார். "டேங்கை வடிச்சிருவோம். பம்பைக் கழட்டி, நாசிலை எல்லாம் பெட்ரோல்ல அலசி, புது பில்டரு மாட்டி, பெரியரோட்டு பங்க்ல இருந்து ஒரு கேன் டீசல் வாங்கியாந்து..."

"அதெல்லாம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும், அய்யா?" என்றார் நர்ஸம்மா.

அவருக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் என்ஜின்களைப் பிரித்துப் பூட்டிய கை அது. ஒரு திருகைக் கழற்ற எவ்வளவு நேரமாகும் என்று அதற்குத் தெரியாமல் இராது. அந்த டேங்கு எத்தனை முறை அலசினாலும் மறக்காது என்பதும் அவருக்குத் தெரியும். அதை மறக்காதபடி காய்ச்சியவர் அவர்தான். அவர் நிமிர்ந்தார். நிமிர்வதற்கு வேனின் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டியின் நடுக்கம் அவர் கை வழியே தோள்வரை ஏறியது. ஏறி, இருமுவதற்கு முன் அவர் மகன் தொண்டையைக் கனைப்பது போல, நின்று நின்று வந்தது.

"மாமா," என்றாள் வடிவு. "நீங்க சொல்லுங்க. சட்டியை இறக்கவா?"

அவர் வாய் அசைந்தது.

"மனசுக்குள்ள சொன்னாப் பத்தாது. நாளைக்கு இந்தத் தெரு, கட்டுனவளே கைகழுவிட்டான்னு பேசக் கூடாது. நான் இறக்கல. பெத்தவரு இறக்கச் சொன்னாருன்னு இருக்கணும். எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க."

சொர்ணலிங்கம் கூட்டத்தைப் பார்த்தார். அவர்களில் பாதிப் பேருடைய டேங்கில் அவர் தம் கையாலேயே ஊற்றியிருந்தார். எல்லோரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். என்ஜின்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தம் பெருங்குரலை அவர் தேடி எடுத்தார்.

"என் மகன் வரமாட்டான்," என்றார். "அவன் இல்ல. சட்டியை இறக்கு தாயி."

வடிவு உள்ளே போனாள். ஜன்னல் வழியாக ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டியில் ஒரு பக்கம் மட்டும் வெந்த வடைகள், மறுபக்கம் மாவு வெளுப்போடு மிதந்துகொண்டிருந்தன. அவள் அவற்றைத் திருப்பவில்லை. அடுப்பின் குமிழைத் திருகினாள். துணியால் காதுகளைப் பிடித்துச் சட்டியைத் தூக்கித் தரையில் வைத்தாள். கொதி மெல்ல மெல்ல அடங்கியது. சிறு குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. கடைசிக் குமிழி உடைந்த போது வாசலில் நின்ற வேனின் செருமல் நின்று, எல்லா வேன்களுக்கும் உள்ள சாதாரணச் சத்தம் வந்தது.

"போப்பா," என்றாள் வடிவு ஜன்னலிலிருந்தே. "நேரா போ."

மரியசெல்வம் போனான். தெருவே திரும்பி நின்று பார்த்தது. வேன் பாலத்தில் ஏறியது. பாலத்திலிருந்து இறங்கியது. புழுதி அடங்கியது. பழக்கத்தினால் எல்லோரும் தெருவின் மறுமுனைக்கு முகத்தைத் திருப்பி, வண்டி வந்து நிற்கக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. நெடுநேரம் நின்றார்கள். வராமலே இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊரில் வராமல் போன முதல் வண்டி அதுதான். அது வரவில்லை என்பது உறுதியான கணத்தில், டீக்கடைப் பக்கம் நின்ற ஒரு பெண் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி உட்கார்ந்தாள். வாசல் நிறைந்தது. வடிவு வெளியே வந்து அவர்கள் நடுவில் இடம் கேட்டு அமர்ந்தாள். அவள் அழுதது அதற்குப் பிறகுதான்.

பிற்பகலில் மதுரையிலிருந்து போன் வந்தது. பெண்குழந்தை, தாயும் பிழைத்துக்கொண்டாள். செய்தியை எடுத்து வந்தவர்கள் அதை வாசலில் வைத்துச் சொல்லத் தயங்கி, நின்று, பிறகு மெதுவாகச் சொன்னார்கள். வடிவு கேட்டுத் தலையசைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முறைவைத்துச் சோறு வந்தது. கொட்டகையில் மீதமிருந்த டீசலை ஊற்றி ஓட்டிய வண்டிகள் போன இடத்துக்குப் போயின; சில தாமதமாகத் திரும்பின; ஒன்றிரண்டு திரும்பவேயில்லை. கோயம்புத்தூர்க்காரன் ஒரு வாரத்தில் போய்விட்டான். இறங்கிய ஓட்டுநர்கள் எவரும் டயரைத் தட்டவில்லை. தட்ட நினைத்துக் கையை ஓங்கிய ஒருவனுக்கு, எத்தனை முறை தட்டவேண்டும் என்பது மறந்திருந்தது.

காரியம் பேச வந்த ஐயர், உடல் கிடைக்காதவனுக்குத் தர்ப்பையில் உருச்செய்து சடங்கு நடத்தலாம் என்றும், அதில் தடையொன்றும் இல்லை என்றும் சொல்லி, பஞ்சாங்கத்தை மடியில் விரித்துக்கொண்டார். ஆனால் வருஷாவருஷம் திவசம் கொடுக்க ஒரு திதி வேண்டுமே, அவன் எந்த நாளில் போனான் என்று வைத்துக்கொள்வது என்று கேட்டார். கடைசியாகப் போனில் பேசிய நாளைச் சொல்லலாம் என்றார் ஒருவர். ஆடி அமாவாசையை வைத்துக்கொள்வது உண்டு என்றார் இன்னொருவர். வடிவு மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். சொர்ணலிங்கம் தம் வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டி இறங்கிய நாள்வரை அவன் தம் வீட்டில் உயிரோடுதான் இருந்தான் என்றும், ஆகையால் வேறு நாளைத் தம்மால் ஒப்புக்கொள்ள இயலாது என்றும் சொல்லி, ஐயர் எழுதிக்கொள்ளும்படி நிறுத்தி நிறுத்தி உரைத்தார்: சோபகிருது வருடம், பங்குனி மாதம் ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, வளர்பிறைத் தசமி.